‘வாங்க’ என்றவரும் வாய் திறக்காதவரும்: பண்ணை ஓடுபாதையில் இரு நாட்டுச் சட்டம்

பண்ணையின் நடுவே நீளமாக ஒரு புல்தரை. ஒரு முனையில் காற்றுப்பை, மறுமுனையில் டிராக்டர் ஷெட். வாரக் கடைசியில் இரண்டு இருக்கை, நாலு இருக்கை விமானங்களில் யாராவது வந்து இறங்குவார்கள். ஒரு காபி குடித்து, கொஞ்சம் கதை பேசி, இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவார்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இது சாதாரணக் காட்சி. அமெரிக்காவில் விமானமோ ஹெலிகாப்டரோ இறங்குவதற்கென்று பதிவாகியுள்ள இடங்கள் 20,000-ஐ ஒட்டி வரும். அவற்றில் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்திருப்பவை சுமார் 5,000. மீதியெல்லாம் தனியார் இடங்கள். அவற்றில் பல, விவசாயி தன் வயலோரத்தில் வெட்டிச் சீராக்கி வைத்திருக்கும் புல் ஓடுபாதைகள்.

நம்மூரில் தரிசாகக் கிடக்கும் நிலத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவதை நிலக்காரர் கண்டும் காணாமலும் விடுவார். ஒருவன் பாழுங்கிணற்றில் விழுந்த பிறகுதான் நிலம் யாருடையது என்ற பேச்சே வரும். ஓடுபாதைக் கதையும் அப்படித்தான் தொடங்குகிறது. இறங்கிய விமானத்தின் முன்சக்கரம் முயல் வளையில் சிக்குகிறது. மூக்கு மண்ணில் குத்தி விமானம் குப்புறக் கவிழ்கிறது. விமானிக்குத் தோள் எலும்பு முறிவு, பக்கத்தில் இருந்தவருக்கு முதுகெலும்பில் அடி. இழப்பீட்டை யார் தருவது? ஓட்டியவரா, வளையை மூடாமல் விட்ட நிலக்காரரா?

இந்தக் கேள்விக்குக் கலிபோர்னியா ஒரு பதில் வைத்திருக்கிறது, இங்கிலாந்து வேறொன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. இரண்டு சட்டங்களும் ஒரே வேரிலிருந்து வந்தவை. பழைய ஆங்கிலப் பொதுச் சட்டம், ஒருவர் நிலத்துக்குள் கால் வைப்பவர்களை மூன்று வகையாகப் பிரித்தது: நிலக்காரரின் காரியமாக அழைக்கப்பட்டு வந்தவர், வெறுமனே அனுமதி பெற்று வந்தவர், அத்துமீறி நுழைந்தவர். முதலாமவருக்கு அதிகக் கவனம், இரண்டாமவருக்குக் கொஞ்சம், மூன்றாமவருக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. இதன்படி விருந்துக்கு வந்த நண்பர் இரண்டாம் வகை. மளிகைக் கடைக்குள் நுழைந்த முன்பின் தெரியாதவர் முதல் வகை. நீதிமன்றங்கள் நூறு ஆண்டுக்கும் மேலாக இந்தப் பிரிவினைக்குள் மயிர் பிளந்துகொண்டிருந்தன.

இங்கிலாந்து 1957இல் அனுபோகதாரர் (இடத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்) பொறுப்புச் சட்டம் கொண்டுவந்து முதல் இரண்டு வகைகளையும் ஒன்றாக்கியது. முறைப்படி உள்ளே வந்தவர் எவரானாலும் அவருக்கு ஒரே அளவு கவனக் கடமை: வந்த காரியத்துக்கு அந்த இடம் நியாயமான அளவில் பாதுகாப்பாக இருக்க வேண்டும். கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1968இல் அதே திசையில் இன்னும் ஒரு படி முன்னே போனது. விருந்தினர் ஒருவரின் கையைக் குளியலறையின் உடைந்த பீங்கான் குழாய்ப்பிடி கிழித்துவிட்ட வழக்கு அது. வந்தவர் எந்த வகை என்று தேடுவதை விட்டுவிட்டு, நிலக்காரர் நியாயமாக நடந்துகொண்டாரா என்று மட்டும் பாருங்கள் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அத்துமீறியவர்கூட இந்த அளவுகோலுக்குள் வந்துவிட்டார்.

இந்த அளவுகோல் மட்டுமே இருந்திருந்தால் இரண்டு இடத்து விவசாயிகளும் ஒரே நிலையில் இருந்திருப்பார்கள். ஆனால் கலிபோர்னியாவில் 1963 முதலே இன்னொரு பிரிவு இருக்கிறது: குடிமைச் சட்டத்தின் 846ஆம் பிரிவு. பொழுதுபோக்குக்காகத் தன் நிலத்தைப் பிறர் பயன்படுத்த விடும் உரிமையாளர், அந்த நிலத்தைப் பாதுகாப்பாக வைத்திருக்கவோ ஆபத்தைச் சொல்லி எச்சரிக்கவோ கடமைப்பட்டவர் அல்லர் என்று அது சொல்கிறது. இத்தகைய சட்டத்துக்கு முன்னோடி 1953இல் மிச்சிகன். 1965இல் மாநில அரசுகளின் பேரவை ஒரு மாதிரிச் சட்டம் எழுதிக் கொடுத்த பிறகு மாநிலம் மாநிலமாகப் பரவியது. நோக்கம் எளிமையானது: வேட்டைக்காரர்களும் தூண்டில்காரர்களும் மலையேறுகிறவர்களும் நிலம் தேடி அலைகிறார்கள், நிலக்காரர்களோ வழக்குக்குப் பயந்து வேலி போடுகிறார்கள், அந்தப் பயத்தை எடுத்துவிட்டால் வேலி திறக்கும்.

பொழுதுபோக்கு என்று இந்தச் சட்டங்கள் கணக்கிட்ட பட்டியலில் முதலில் விமானம் இல்லை. 2003இல் மொன்டானாவில் சில விமானிகள் சேர்ந்து தொடங்கிய பொழுதுபோக்கு வான்பயண அறக்கட்டளை போன்ற அமைப்புகள், இந்தச் சட்டங்களில் பறத்தலையும் சேர்க்கச் சொல்லி மாநிலம் மாநிலமாக ஏறி இறங்கின. மொன்டானா சட்டத்தில் இன்று தனியார் நிலம் சார்ந்த, வணிக நோக்கமற்ற விமான ஓட்டம் பொழுதுபோக்குக்குள் அடங்கும். கலிபோர்னியாவின் 846ஆம் பிரிவிலும் வணிக நோக்கமற்ற தனியார் வான்பயணம் மீன்பிடித்தல், முகாமிடுதல், குதிரை சவாரி ஆகியவற்றோடு ஒரே வரிசையில் நிற்கிறது.

இந்தப் பிரிவு நிலக்காரருக்குத் தரும் கவசம் நல்ல கனம். 1993இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், பண்ணையில் அடுக்கி வைத்திருந்த பாசனக் குழாய்களின் மேல் குழந்தைகள் ஏறி விளையாடியபோது குழாய் உருண்டு விழுந்து எட்டு வயதுச் சிறுவனுக்குக் காயம். அது விளையாடுவதற்கான இடமே இல்லை என்று சிறுவன் தரப்பு வாதாடியது. இடம் எதற்கானது என்று பார்க்க வேண்டாம், வந்தவன் எதற்காக வந்தான் என்று பார்த்தால் போதும் என்றது நீதிமன்றம். பண்ணைக்காரர் தப்பினார். இதே கணக்கில் முயல் வளையும் தப்பும்.

ஆனால் கவசத்தில் மூன்று ஓட்டைகள். ஆபத்து தெரிந்திருந்தும் வேண்டுமென்றே அல்லது தீய எண்ணத்தோடு எச்சரிக்காமல் விட்டால் பாதுகாப்பு போய்விடும். நுழைய அனுமதிப்பதற்குப் பணமோ வேறு கைம்மாறோ வாங்கினாலும் போய்விடும். மூன்றாவதுதான் வினோதமானது: வெறுமனே அனுமதிக்கப்பட்டவராக இல்லாமல், நிலக்காரரே வெளிப்படையாக அழைத்து வந்தவராக இருந்தால், அவர் விஷயத்தில் கவசம் இல்லை. சட்டத்தில் ‘அழைப்பு’ என்பதை நீதிமன்றங்கள் குறுக்கியே வாசித்திருக்கின்றன. ஊருக்குப் பொதுவாகத் திறந்து வைப்பது அழைப்பாகாது, குறிப்பிட்ட ஆளை நேரடியாகக் கூப்பிட வேண்டும் என்பதே பெரும்பான்மைப் போக்கு.

2022இல் இந்த விதி அதே உச்ச நீதிமன்றத்தில் இன்னொரு கோணத்தில் விசாரணைக்கு வந்தது. பெற்றோரின் நிலத்தில் மோட்டார்சைக்கிள் பந்தயத் தடம். மகன் தன் தோழியை ஓட்ட அழைத்தான், அவளுக்கு அடிபட்டது. வீட்டோடு இருக்கும் மகன் அழைத்தால் பெற்றோர் அழைத்த மாதிரிதான் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: நிலக்காரரோ, அவர் அதிகாரம் கொடுத்த ஆளோ அழைத்திருந்தால் மட்டுமே அழைப்பு, மகன் என்பதாலேயே அந்த அதிகாரம் வந்துவிடாது. ஓடுபாதைக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், பண்ணைக்காரரின் பையன் தன் பறக்கும் நண்பனைக் கூப்பிட்டிருந்தால் கவசம் நிலைக்கலாம். அவரே போனை எடுத்து, “ஞாயிற்றுக்கிழமை காலை நம்ம வீட்டில் டிபன், விமானத்தில் வாங்க” என்றிருந்தால் நிலைக்காது.

இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். கவசம் போவதும் வழக்குத் தோற்பதும் ஒன்றல்ல. அழைத்தவருக்கு 1968இன் பொது அளவுகோல் பொருந்தும், அவ்வளவுதான். நியாயமாக நடந்துகொண்டிருந்தால் அவர் ஜெயிக்கலாம். ஆனால் அமெரிக்காவில் ஜெயித்தவரும் பொதுவாகத் தன் வக்கீல் செலவைத் தானேதான் ஏற்க வேண்டும். வழக்கை வாசலிலேயே நிறுத்தும் கவசத்துக்கும், விசாரணை முடிவில் வரும் வெற்றிக்கும் நடுவில் ஒரு டிராக்டர் விலை போய்விடும். ஆகவே நிலக்காரர் தன் வாயைப் பூட்டிக்கொள்வார் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை.

இங்கிலாந்தில் பழக்கம் நேர்மாறானது. பெரும்பாலான பண்ணை ஓடுபாதைகளுக்கு முன் அனுமதி வாங்காமல் போவதில்லை. விமானி முந்தின நாளோ அன்று காலையோ போன் செய்கிறார். மறுமுனையில் விவசாயி எப்படிப் பேசுவார் என்பதைக் கற்பனை செய்வது கடினமல்ல: “மேற்கு முனையில் வேலிக்கு அப்பால் மின்கம்பி போகுது, அந்தப் பக்கமா வராதீங்க. வடக்குக் கேட்டுப் பக்கம் மழையில சொதசொதன்னு இருக்கு, நடுவுக்கு வந்திடுங்க. ஆட்டை பதினோரு மணிக்கு மேல்தான் ஓட்டிவிடுவேன். கிழக்குப் பக்கத்து வீட்டு மேலே பறக்காதீங்க, அந்தம்மா மனு போட்டுடுவாங்க.”

இந்த நாலு வாக்கியமும் மரியாதைப் பேச்சு மட்டுமல்ல. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வந்தவர் நியாயமான அளவில் பாதுகாப்பாக இருக்கப் போதுமான எச்சரிக்கை கொடுத்துவிட்டால் கடமை நிறைவேறிவிடும். போதுமானதா என்பதுதான் கேள்வி. “எல்லாம் உங்கள் சொந்தப் பொறுப்பில்” என்ற பலகை போதாமல் போகலாம், “வடக்குக் கேட்டருகே ஈரம்” என்ற தகவல் போதுமானதாகலாம். ஈரத்துக்கு இங்கே எவ்வளவு கனம் என்பதற்கு அந்நாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் வழிகாட்டலே சாட்சி: தரையிறங்கி நிற்க, காய்ந்த புல்லில் 15 சதவீதம் கூடுதல் தூரம் வைத்துக்கொள்ளுங்கள், ஈரப் புல்லில் 35 சதவீதம், மிகக் குட்டையான புல் நனைந்திருந்தால் 60 சதவீதம் வரைகூடப் போகலாம். புல் இன்று காலை எப்படி இருக்கிறது என்பது எந்த வரைபடத்திலும் இல்லை. அது காலையில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நடந்து பார்த்தவருக்கு மட்டும்தான் தெரியும்.

கலிபோர்னியாச் சட்டத்தின் மீது எனக்குள்ள குறை இதுதான். வேட்டைக்கும் தூண்டிலுக்கும் எழுதிய விதியில் விமானத்தை ஒட்டவைத்தார்கள். காட்டில் நடக்க வருகிறவனிடம் நிலக்காரர் பேசாவிட்டால் பெரிய நஷ்டமில்லை. அவனுக்குக் கண் இருக்கிறது, மெதுவாக நடக்கிறான். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் புல்லைத் தொடுகிறவருக்கு முந்தின பேச்சுதான் கண். சட்டத்தை நுணுக்கமாக வாசித்தால், விமானி தானே போன் செய்து கேட்டு, விவசாயி “சரி, கம்பியைப் பார்த்துக்கோங்க” என்று சொன்னால் அது அனுமதிதான், அழைப்பல்ல. எச்சரித்ததற்காகத் தண்டனை இல்லை. தெரிந்த கம்பியைச் சொல்லாமல் மறைத்தால்தான் முதல் ஓட்டை திறக்கும். விவரம் தெரிந்த வக்கீல், “கம்பியைப் பற்றிச் சொல்லு, ‘வா’ என்று மட்டும் சொல்லாதே” என்பார். அந்த நூலிழைக் கோட்டை வயலில் நிற்கும் மனிதர் எங்கே பிடிப்பது? “இன்னைக்குத் தரை நல்லாக் காஞ்சிருக்கு, வந்தா வரலாம்” என்பது அனுமதியா அழைப்பா? கூடி உண்ணும் வழக்கமே உயிராக இருக்கும் ஒரு பொழுதுபோக்கில், விருந்தோம்பலைத் தனியே பிடித்து ஒதுக்கும் விதி எனக்குப் பொருத்தமாகத் தெரியவில்லை. மொன்டானாவின் வாசகம் இதைவிட மேல். அனுமதியோடு வந்தாலும் இல்லாமல் வந்தாலும், கைம்மாறு தராமல் நிலத்தைப் பொழுதுபோக்குக்குப் பயன்படுத்துகிறவர், அது பாதுகாப்பானது என்ற எந்த உறுதியும் இல்லாமல்தான் பயன்படுத்துகிறார் என்கிறது அது. கேள்வி பணத்தில் நிற்கிறது, வாய்ப்பேச்சில் அல்ல.

அதற்காக இங்கிலாந்து விவசாயி எல்லாவற்றுக்கும் பொறுப்பாகிவிடுகிறார் என்று எண்ண வேண்டாம். கவசம் என்று தனியாக ஒன்று கொடுக்காமலேயே நீதிபதிகள் அவரை நன்றாகக் காத்திருக்கிறார்கள். ஒரு பொதுப் பூங்காவின் ஏரியில், நீந்தக் கூடாது என்ற பலகையை மீறி ஆழமில்லாத நீரில் தலைகீழாகப் பாய்ந்து கழுத்தெலும்பை முறித்துக்கொண்ட இளைஞரின் வழக்கு 2003இல் பிரபுக்கள் அவையில் முடிந்தது. பூங்காவின் சொந்தக்காரரான காங்கிள்ட்டன் நகர மன்றத்தின் மேல் பொறுப்பு இல்லை என்று தீர்ப்பு. ஹாஃப்மன் பிரபு அதில் போட்ட கோடு பறக்கிறவர்களுக்கும் பொருந்தும்: இடத்தின் நிலையால் வரும் ஆபத்து வேறு, ஒருவர் தானாக விரும்பிச் செய்யும் காரியத்தால் வரும் ஆபத்து வேறு. பக்கக் காற்றைத் தவறாகக் கணித்து வேலியில் மோதியவர், வேலி ஏன் அங்கே இருந்தது என்று கேட்க முடியாது. முயல் வளையைத்தான் கேட்கலாம். அதுவும் விவசாயி நியாயமாகக் கண்டுபிடித்திருக்கக்கூடிய வளையாக இருந்தால்.

விரும்பி ஏற்ற ஆபத்துக்குக் கடமை இல்லை என்றும் 1957 சட்டத்தில் ஒரு வரி உண்டு. அந்தத் தத்துவம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1990இல் ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பு இருக்கிறது. நிலக்காரர் பற்றியதல்ல, ஆனாலும் விட்டுப்போக மனமில்லை. 17 விஸ்கிக்குச் சமமாகக் குடித்திருந்த நண்பரின் விமானத்தில் ஏறிக்கொண்டார் ஒருவர். விமானம் விழுந்து ஓட்டியவர் இறந்தார், உடன் போனவர் படுகாயமடைந்து இழப்பீடு கேட்டார். தெரிந்தே ஏறினீர்கள் என்று சொல்லி நீதிமன்றம் அவரை அனுப்பிவிட்டது.

சட்டத்தில் இன்னொரு சலுகை இருக்கிறது: தன் தொழிலைச் செய்ய வருகிறவர் அந்தத் தொழிலுக்கே உரிய ஆபத்தைத் தானே பார்த்துக்கொள்வார் என்று அனுபோகதாரர் எதிர்பார்க்கலாம். வாரம் முழுவதும் பல் பிடுங்கிவிட்டு ஞாயிறு மட்டும் பறக்கும் மருத்துவருக்கு இது நேரடியாகப் பொருந்தாது. பறப்பது அவருடைய தொழில் அல்ல. ஆனாலும் உரிமம் வைத்திருக்கும் விமானியிடம் எதிர்பார்க்கக்கூடிய விழிப்பையும் சேர்த்துத்தான் சூழ்நிலையை எடைபோடுவார்கள்.

பணம் என்று வந்தால் இரண்டு சட்டங்களும் ஒரே இடத்துக்கு வந்துசேர்கின்றன, வழிதான் வேறு. பண்ணை ஓடுபாதைகள் சிலவற்றில் ஷெட் சுவரில் ஒரு சின்னத் தகரப் பெட்டி இருக்கும். தரையிறங்கியவர் மனசாட்சிப்படி சில பவுண்டு போட்டுவிட்டு ஏட்டில் கையெழுத்திடுவார். இங்கிலாந்தின் 1977ஆம் ஆண்டு நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டப்படியும், நுகர்வோர் விஷயத்தில் அதன் இடத்துக்கு வந்த 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைகள் சட்டப்படியும், வணிக நடவடிக்கையின் போக்கில் கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கும் காயத்துக்கும் பொறுப்பை எந்தப் பலகையும் தட்டிக்கழிக்க முடியாது. பண்ணை என்பது வணிகம்தான். அப்படியானால் விருந்தினர் எவரையும் உள்ளே விட முடியாதே என்று நிலக்காரர்கள் முறையிட்டதை ஏற்று, 1984ஆம் ஆண்டின் அனுபோகதாரர் பொறுப்புச் சட்டம் ஒரு விலக்குத் தந்தது: பொழுதுபோக்குக்காக ஒருவரை அனுமதிப்பது அந்த வணிகத்தின் நோக்கத்துக்குள் வராதவரை, நிலத்தின் ஆபத்தான நிலையால் வரும் பொறுப்பை வணிகப் பொறுப்பாகக் கொள்ள வேண்டியதில்லை. அதாவது பால்மாடு வைத்திருப்பவர் நண்பர்களை இலவசமாக இறங்கவிட்டால் பலகைக்கு உயிர் உண்டு. இறங்குகட்டணம் பண்ணை வருமானத்தில் ஒரு தலைப்பாக மாறினால் அந்த உயிர் போய்விடக்கூடும். தகரப் பெட்டி இந்த இரண்டுக்கும் நடுவில் தொங்குகிறது. கலிபோர்னியாவில் அதற்கு இவ்வளவு தத்துவம் தேவையில்லை. நுழைவதற்குக் கைம்மாறு வாங்கினாரா, கவசம் போச்சு.

இழப்பீட்டைக் கொடுக்க வேண்டியவர் யார் என்ற கேள்வியில் நிலத்தின் பட்டாக்காரர் யார் என்பதை இங்கிலாந்து பார்ப்பதில்லை. இடம் யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறது என்றே பார்க்கிறது. ஓடுபாதையை உள்ளூர் விமானிகள் குழுவுக்குக் குத்தகைக்கு விட்டு, புல் வெட்டுவதை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டிருக்கும் விவசாயியும் அந்தக் குழுவும் சேர்ந்தே அனுபோகதாரர் ஆகலாம். இதைப் பலர் குத்தகைப் பத்திரம் எழுதும்போது மறந்துவிடுகிறார்கள். கலிபோர்னியாவின் கவசமோ நிலத்தில் எவ்வித உரிமை உள்ளவருக்கும் உண்டு, குத்தகைதாரர் உட்பட.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒரு புதிர் மிச்சமிருக்கிறது. அமெரிக்க விமானிகள் மாநிலம் மாநிலமாக அலைந்து கவசம் கேட்டார்கள். ஆங்கிலேய விமானிகளுக்கு ஏன் அந்த அவசரம் வரவில்லை? காரணம் நிலச் சட்டத்தில் இல்லை, காப்பீட்டில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு 785ஆம் விதிமுறை, ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகும் பிரிட்டனில் தொடர்கிறது. விமானம் வைத்திருப்பவர் மூன்றாம் தரப்புக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகில் 500 கிலோவுக்குள் உள்ள விமானத்துக்கு குறைந்தது 7.5 லட்சம், 1,000 கிலோவுக்குள் 15 லட்சம், செஸ்னா 172 போல 2,700 கிலோவுக்குள் அடங்கும் விமானத்துக்கு 30 லட்சம். அந்த அலகு ஒரு டாலரைவிடக் கூடுதல் மதிப்புள்ளது. அதோடு 1982ஆம் ஆண்டுச் சிவில் விமானச் சட்டத்தின் 76ஆம் பிரிவு, ஏறும்போதோ இறங்கும்போதோ விமானம் தரையில் உள்ளவருக்கும் பொருளுக்கும் செய்யும் சேதத்துக்கு, கவனக்குறைவை நிரூபிக்காமலே விமான உரிமையாளரைப் பொறுப்பாக்குகிறது. விமானம் கோதுமைக்குள் பாய்ந்தால் விவசாயி வாதாட வேண்டியதே இல்லை.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் சொந்த உபயோக விமானத்துக்கு அப்படிக் கட்டாயக் காப்பீடு கிடையாது. சில மாநிலங்கள் மட்டும் கேட்கின்றன. காயமடைந்தவரின் மருத்துவமனைச் செலவை ஏற்கும் பொதுச் சுகாதாரச் சேவையும் எல்லோருக்கும் இல்லை. முதுகெலும்பு முறிந்தவரின் குடும்பம் பணம் உள்ள இடத்தைத் தேடித்தான் ஆக வேண்டும், அப்போது கண்ணுக்குத் தெரிவது நிலம். வழக்கமான பண்ணைக் காப்பீடுகள் பலவற்றில் விமானம் தொடர்பான பொறுப்பை விலக்கும் வரி ஒன்று ஒளிந்திருக்கும் என்பதால், அந்த நிலக்காரரின் பயம் வெறும் பிரமையல்ல.

அந்தப் பயத்தைக் கவசம் போக்குகிறது, செலவைப் போக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. யார் மேல் விழுகிறது என்று பார்த்தால், ஓட்டியவர் மேல்கூட அல்ல, பக்கத்து இருக்கையில் இருந்தவர் மேல். 846ஆம் பிரிவு விமானியையும் பயணியையும் பிரித்துப் பார்ப்பதில்லை. பொழுதுபோக்குக்காக உள்ளே வந்தார்கள், அவ்வளவே. நிலக்காரரிடம் கேட்க வழியில்லாத அந்தப் பயணிக்கு மிஞ்சுவது விமானி மேல் வழக்கு. விமானி காப்பீடு எடுக்காதவராக இருந்தால் அதுவும் காகிதத்தில்தான் நிற்கும். பிரிட்டனில் அதே பயணிக்கு, வணிக நோக்கமற்ற சிறு விமானத்தில்கூட, குறைந்தது ஒரு லட்சம் அலகுக்காவது விமானியின் காப்பீடு நின்று பேசும். அதனால்தான் அங்கே முயல் வளையின் சொந்தக்காரரைத் தேடி வக்கீல் வரும் நாள்கள் குறைவு என்று நினைக்கிறேன். பறத்தலைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி மனு எழுதும் அமெரிக்கச் சங்கங்கள், அதே மனுவில் கட்டாயக் காப்பீட்டையும் கேட்டால் உறுப்பினர்கள் முகம் சுளிப்பார்கள். கேட்டால் பயணிக்கு நல்லது.